ஓட்டுப் போட்டு ஜெயித்த பிறகும் தோற்கிறவர்கள்: ஃபிளின்ட் தண்ணீரிலிருந்து ஒரு விவாதம்

டெட்ராய்ட்_முருகு

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், அமெரிக்காவில் அரசியல் மேல்தட்டுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் உள்ள பிளவு பழக்கவழக்கம் சம்பந்தப்பட்டது, பெரிய கல்லூரியில் படித்தவன் பேசுகிற பேச்சு மற்றவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். எனக்கு அது பாதி உண்மைகூட இல்லை என்று படுகிறது. நான் மிச்சிகனில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஃபிளின்ட் நகரம் எனக்கு ஒரு மணி நேரத் தூரம். அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்புறம் பேசலாம்.

2011-ல் மிச்சிகன் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பணக் கஷ்டத்தில் இருக்கிற நகரத்துக்கு மாநில அரசு ஓர் அவசரகால நிர்வாகியை அனுப்பலாம், அவர் வந்துவிட்டால் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலும் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஜனங்கள் கையெழுத்து வாங்கி அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2012 நவம்பரில் கிட்டத்தட்ட 53 சதவீதம் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட, சட்டம் விழுந்தது. அடுத்த மாதமே, பதவிக்காலம் முடியப்போகிற அதே சட்டமன்றம், ஏறக்குறைய அதே சட்டத்தை வேறு எண் கொடுத்து நிறைவேற்றியது. கவர்னர் ரிக் ஸ்னைடர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை உள்ளே ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்திருந்தார்கள். ஏன் தெரியுமா? நிதி ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மிச்சிகனில் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது, மாநில அரசியல் சட்டமே அப்படிச் சொல்கிறது. அதாவது மக்கள் மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டார்கள்.

2014 ஏப்ரலில் அப்படிப்பட்ட ஒரு நிர்வாகியின் கீழ், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். பழைய ஈயக் குழாய்கள் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. சில வாரத்திலேயே ஜனங்கள் நாற்றம் அடிக்கிறது, பழுப்பாக வருகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அக்டோபரில் ஊருக்குள் இருக்கிற ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரை அதற்கப்புறம் ஒரு வருடம் பிள்ளைகள் குடித்தார்கள். 2015 ஜனவரியில், ஊருக்குத் தண்ணீர் நல்லது என்று சொல்லிக்கொண்டே, ஃபிளின்டில் இருந்த மாநில அரசு அலுவலக ஊழியர்களுக்குத் தனியாகக் குடிதண்ணீர் கேன் வைத்தார்கள். மார்ச்சில் நகர கவுன்சில் 7-க்கு 1 என்று டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பச் சொல்லி ஓட்டுப் போட்டது. நிர்வாகி முடியாது என்றார். ஒரே ஆள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

2016 ஜனவரியில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து வேனில் தண்ணீர்ப் பாட்டில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு வீட்டில் வயதான கறுப்பினப் பெண்மணி. அடுப்படி மேடையில் இடமே இல்லை, சாயம்போன துண்டை விரித்து அதன்மேல் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார். காபிக்கு ரெண்டு, பாத்திரத்துக்கு இத்தனை, பேரனைக் குளிப்பாட்ட இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. சன்னல் ஓரத்தில் மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடியில் பழுப்புத் தண்ணீர், அடியில் வண்டல். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கூட்டத்துக்கெல்லாம் இதை எடுத்துப் போனேன், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர்கூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை என்றார்.

பிளவு என்று நான் சொல்வது அந்த மேஜையைத்தான். யார் என்ன உடுத்துகிறார், எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்.

கொலம்பஸ்_செல்வி

முருகு அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆனாலும் பேச்சை அவ்வளவு லேசாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் எண்ணம். 2008-ல் ஒபாமா, தொழில் அழிந்த சிற்றூர்க்காரர்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். 2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, 47 சதவீதம் பேர் அரசை நம்பி வாழ்கிறவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது என் வேலையில்லை என்றார். 2016-ல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேர் கேவலமானவர்கள் என்கிற மாதிரி பேசினார். மூன்று பேச்சும் எங்கே நடந்தன என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ, ஃபுளோரிடாவின் போகா ராட்டன், நியூயார்க். மூன்றுமே பணம் கொடுக்கிறவர்களுக்காக நடந்த நிகழ்ச்சி. ராம்னி விருந்தில் ஒரு தட்டு 50 ஆயிரம் டாலர், அதைப் படம் பிடித்து வெளியே கொண்டுவந்தவர் அங்கே மது பரிமாறிக்கொண்டிருந்த தொழிலாளி. இரண்டு கட்சியும் இதில் ஒன்றுதான். சாதாரண ஜனத்தின் முன்னால் ஒரு பேச்சு, அவர்களைப் பற்றிப் பணக்காரர்கள் முன்னால் இன்னொரு பேச்சு.

என் கணவரின் சொந்தக்காரர்கள் ஒஹையோவில் யங்ஸ்டவுன் பக்கம். அந்த ஊரில் 1977 செப்டம்பர் 19-ஐ இன்னும் கறுப்புத் திங்கள் என்றுதான் சொல்கிறார்கள், எஃகு ஆலை மூடப்போகிறோம் என்று அறிவித்த நாள். பக்கத்தில் லார்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலை இருந்தது. 2017-ல் டிரம்ப் யங்ஸ்டவுன் வந்து, வேலையெல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது. என் மாமனார் அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

டல்லாஸ்_பாலா

நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

ஃபிளின்ட் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 2013 மார்ச்சில் இதே நகர கவுன்சில்தான் டெட்ராய்ட்டை விட்டுவிட்டுப் புதிய ஏரிக் குழாய்த் திட்டத்தில் சேர ஓட்டுப் போட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மேல்தட்டு என்று ஒரு கூட்டம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற படம் எனக்குச் சரியாகப் படவில்லை. மார்ட்டின் கிலன்ஸ், பெஞ்சமின் பேஜ் என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவரும் 2014-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். 1981 முதல் 2002 வரை 1,779 கொள்கை விஷயங்களை எடுத்துப் பார்த்து, சராசரிக் குடிமகன் விருப்பத்துக்குத் தனியாக எந்தச் செல்வாக்கும் கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், நடுத்தர வர்க்கமும் பணக்காரர்களும் பத்தில் ஒன்பது விஷயத்தில் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள், வேறுபடுகிற இடத்தில் பணக்காரர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஜெயிக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

அப்புறம் ஓட்டு. காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, பிடிக்கவில்லை என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள், ஆனால் பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்கிறவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயித்து வருவது சாதாரணம். அதிபர் தேர்தல் இல்லாத 2014 இடைக்காலத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 36 சதவீதம் அளவுக்குத்தான். வந்தால் மாற்ற முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அதே 2014-ல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், பெயரே தெரியாத ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில், தோற்றார். 2018-ல் ஜனநாயகக் கட்சியில் நான்காவது இடத்தில் இருந்த ஜோ கிராலியை 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். ஏழு லட்சம் பேர் வாழ்கிற தொகுதி, பிரைமரிக்கு வந்தவர்கள் 30 ஆயிரம்கூட இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, வருகிறவர்கள்தான் இல்லை.

டெட்ராய்ட்_முருகு

பாலா, கவுன்சில் பற்றிச் சொன்னது சரி, நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஓட்டு ஏரியிலிருந்து வரப்போகிற புதிய குழாய்க்கு. அது வரும்வரை ஆற்றுத் தண்ணீரைக் கொடுக்கலாம் என்ற முடிவு வேறு இடத்தில் எடுத்தது.

வருகிறவர்கள் இல்லை என்கிறீர்கள். 2012-ல் வந்தார்களே. கையெழுத்து வாங்கினார்கள், நீதிமன்றத்தில் போராடி வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள், ஜெயித்தார்கள். ஜெயித்து ஒரு மாதம் கழித்துத்தானே இது நடந்தது? ஒரு கட்டத்தில் மிச்சிகனின் கறுப்பின மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படி நியமன நிர்வாகியின் கீழ் இருந்தார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் ஏன் வரிசையில் நிற்கவில்லை என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய_நிருபர்

தம்பிகள் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் நியூஜெர்சியில் 1986-லிருந்து இருக்கிறேன், அதனால் ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகிறேன்.

1964-ல் அமெரிக்கர்களில் 77 சதவீதம் பேர், வாஷிங்டன் பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்பினார்கள். இப்போது பத்தில் இரண்டு பேர். இது ஒரே நாளில் சரியவில்லை. வியட்நாம், வாட்டர்கேட், ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போன போர், எல்லாம் சேர்ந்து அரித்தது. ஆனால் என் கண்முன்னால் ஜனங்களின் முகம் மாறியது 2008-ல்தான்.

வங்கிகளைக் காப்பாற்ற 70 ஆயிரம் கோடி டாலர் மசோதா. செப்டம்பர் 29-ந்தேதி பிரதிநிதிகள் சபையில் 228-க்கு 205 என்று தோற்றது. அந்த நாட்களில் ஜனங்கள் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் உறுப்பினர்களைத் திணறடித்தார்கள், சபையின் இணையதளமே முடங்கியது. பங்குச் சந்தைக் குறியீடு டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 777 புள்ளி விழுந்தது. அக்டோபர் 3-ந்தேதி அதே சபையில் மசோதா நிறைவேறிவிட்டது. நான் அந்த மசோதாவே தப்பு என்று சொல்லவில்லை, வங்கிகள் மொத்தமாகக் கவிழ்ந்திருந்தால் அடி விழுந்திருப்பது கூலிக்காரன் மேல்தான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். அரசுப் பணத்தில் பிழைத்த காப்பீட்டு நிறுவனம் ஏ.ஐ.ஜி. 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. வீட்டுக் கடனில் தவித்தவர்களில் 30, 40 லட்சம் பேருக்கு உதவும் என்று அறிவித்த திட்டம் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. பெரிய வங்கித் தலைவர் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

எங்கள் தெருவில் ஒரு இத்தாலியக் குடும்பம், தச்சு வேலை செய்கிறவர். வீடு ஏலத்துக்குப் போனது. கடனை மாற்றித் தரச் சொல்லி அவர் ஒரே காகிதக்கட்டை வங்கிக்கு நாலு தடவை அனுப்பினார், ஒவ்வொரு தடவையும் வந்து சேரவில்லை என்றே பதில். அஞ்சலக ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், என்னிடம் காட்டினார். ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட மனிதர். 2016-ல் டிரம்ப்புக்குப் போட்டார். அவரை நிறவெறியர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக என்னால் முடியவில்லை.

பாரதி_டி.சி

நான் கல்லூரி முடித்துவிட்டு ஒரு கோடைகாலம் முழுக்க ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தேன். எந்தக் கட்சி, எந்த மாநிலம் என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என் வேலை தொலைபேசி எடுப்பது. யாராவது அழைத்தால் பெயர், ஊர், எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா என்று கணினியில் பதிய வேண்டும். ஒரு நாள் ஒரு அம்மா அழைத்தார். மகனுக்கு இன்சுலின் செலவு கட்டுப்படியாகவில்லை, பாதி அளவு போட்டுக்கொள்கிறான், எனக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறான் என்று சொல்லி அழுதார். இருபது நிமிடம் பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் நான் பதிய முடிந்தது, மருந்து விலை, ஆதரவு, ஒன்று. அந்தப் பட்டியலில் அவர் ஒரு எண். சாயங்காலம் மேலே போன தாளில் எல்லாம் கூட்டுத்தொகைதான். குறிப்பு எழுதும் பெட்டியில் நான் நாலு வரி எழுதினேன், அதை யாரும் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நேரத்தில் உறுப்பினர் எங்கே இருப்பார் என்றால், பெரும்பாலும் நன்கொடை கேட்டுத் தொலைபேசியில். அரசு அலுவலகத்திலிருந்து பணம் கேட்கக் கூடாது என்று சட்டம், அதனால் பக்கத்தில் இருக்கும் கட்சிக் கட்டடத்துக்கு நடந்து போவார்கள். 2013-ல் ஜனநாயகக் கட்சி தன் புதிய உறுப்பினர்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டவணை வெளியே வந்தது, அதில் தினமும் நாலு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருந்தது. குடியரசுக் கட்சியிலும் பாடு இதேதான். தினமும் நாலு மணி நேரம் வசதியானவர்களோடு மட்டும் பேசுகிற மனிதருக்கு, நாட்டில் எது பிரச்சினை என்று தோன்றும்? கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காதில் விழுவது அவ்வளவுதான்.

தென் கரோலினாவின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் மிக் மல்வேனி 2018-ல் வங்கியாளர்கள் கூட்டத்தில் இதை வாய்விட்டே சொன்னார். காங்கிரஸில் இருந்தபோது பணம் கொடுக்காத லாபிக்காரரிடம் பேச மாட்டேன், கொடுத்தவரிடம் பேசுவேன் என்று. தொகுதியிலிருந்து வந்து உட்கார்ந்தவர்களிடம் எப்போதும் பேசினேன் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் தென் கரோலினாவிலிருந்து வாஷிங்டனுக்கு விமானம் பிடித்து வந்து உட்கார எத்தனை பேரால் முடியும்?

செயின்ட்_லூயிஸ்_மேரி

நான் நர்ஸ், மிசௌரி. பாலா சாருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2024 நவம்பரில் எங்கள் மாநிலத்தில் ஒரு முன்மொழிவு வந்தது, குறைந்தபட்சக் கூலி உயர்வு, அதோடு சம்பளத்துடன் நோய் விடுப்பு. 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. டிரம்ப் பெரிய அளவில் ஜெயித்த மாநிலம் இது, அதே நாளில் அதே வாக்குச்சீட்டில் இதற்கும் போட்டார்கள். 2025 மே 1 முதல் விடுப்பு சேர ஆரம்பித்தது. எங்கள் ஆஸ்பத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பளச் சீட்டில் விடுப்பு மணி ஏறியிருப்பதை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். சட்டமன்றம் நிறைவேற்றிய ரத்து மசோதாவில் ஜூலையில் கவர்னர் கையெழுத்துப் போட்டார், ஆகஸ்ட் 28-ஓடு விடுப்பு முடிந்தது. வியாபாரிகளுக்குச் சுமை என்று காரணம் சொன்னார்கள்.

காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஓட்டுப் போடுங்கள் என்று அவர்களிடம் மறுபடி நான் எப்படிச் சொல்வது?

டல்லாஸ்_பாலா

மேரி அக்கா, உண்மையில் இது எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஃபுளோரிடாவில் 2018-ல் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை என்று 64 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், அடுத்த வருடமே அபராதம், கட்டணம் எல்லாம் கட்டி முடித்தால்தான் என்று சட்டமன்றம் நிபந்தனை வைத்துவிட்டது. தெற்கு டகோட்டாவில் 2016-ல் மக்கள் கொண்டுவந்த ஊழல் தடுப்புச் சட்டத்தை 2017 பிப்ரவரியிலேயே ரத்து செய்திருக்கிறார்கள். இவ்வளவு அடுக்கடுக்காக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். உள்ளே போக முடிகிறது, உட்காரத்தான் விடுவதில்லை.

ஆன்_ஆர்பர்_தேன்மொழி

எல்லோரும் மனசு விட்டுவிட வேண்டாம், அதே மிச்சிகனில் இன்னொன்றும் நடந்தது, நான் அதில் இருந்தேன்.

2016 தேர்தல் முடிந்து ரெண்டு நாளில், கேட்டி ஃபாஹி என்ற 27 வயதுப் பெண், தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகள் தங்களுக்குச் சாதகமாக வரைவதை நிறுத்த வேண்டும், யாராவது சேர்கிறீர்களா என்று ஃபேஸ்புக்கில் கேட்டார். அரசியல் அனுபவம் கிடையாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 2017 கோடையில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தோம். நான் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கழிவறை வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு ஒருவர் நீ எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். அப்புறம் அவர் ஊர் ரெண்டு தொகுதியாக எப்படிப் பிளந்திருக்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பேசாமல் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், மனைவியையும் காரிலிருந்து கூப்பிட்டார். நாலு மாதத்தில் நாலு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. 2018-ல் 61 சதவீதத்தோடு ஜெயித்தது. இப்போது எல்லை வரைவது குலுக்கலில் தேர்ந்தெடுத்த 13 குடிமக்கள், நாலு பேர் இந்தக் கட்சி, நாலு பேர் அந்தக் கட்சி, ஐந்து பேர் எதிலும் சேராதவர்கள். அதிலும் குறை வந்தது, அவர்கள் வரைந்த டெட்ராய்ட் பகுதித் தொகுதிகள் பதின்மூன்றை 2023 டிசம்பரில் நீதிபதிகள் செல்லாது என்றார்கள், மறுபடி வரைந்தார்கள். ஆனாலும் வரைகிற கை மாறியிருக்கிறது.

இன்னொன்று. அதே 2018-ல் கூலி உயர்வுக்கும் நோய் விடுப்புக்கும் மக்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த ரெண்டு சட்டத்தை, வாக்குச்சீட்டுக்குப் போகாமல் தடுக்கச் சட்டமன்றமே செப்டம்பரில் ஏற்றுக்கொண்டு, தேர்தல் முடிந்ததும் டிசம்பரில் அதன் உயிரை எடுத்துவிட்டது. மறுபடியும் அதே டிசம்பர், முருகு அண்ணா. பிறகு வழக்கு நடந்து, 2024 ஜூலை 31-ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று, அப்படி உயிரை எடுத்தது செல்லாது என்றது. நாங்கள் அந்த மசோதா எண்களை இன்னும் மனப்பாடமாகச் சொல்வோம். டிசம்பர் வந்தால் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க முறை வைத்து ஆள் போகிறோம். இந்த வருடம் வர முடிகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஆன் ஆர்பரிலிருந்து காரில் இடம் இருக்கிறது.

டெட்ராய்ட்_முருகு

தேன்மொழி, எனக்கு ஒரு இடம் வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபிளின்ட் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். நீதிமன்ற உடன்படிக்கைப்படி கிட்டத்தட்ட 11 ஆயிரம் ஈயக் குழாய்களை மாற்றி முடித்துவிட்டதாக 2025 ஜூலையில் மாநிலம் அறிவித்ததே, அவர் வீட்டிலும் மாற்றியாயிற்று, வாசலில் தோண்டின இடத்தில் புல்லும் முளைத்துவிட்டது. பேரன் இப்போது என் தோளுக்கு வளர்ந்திருக்கிறான். அதிகாரிகள் மேல் போட்ட குற்றச்சாட்டுகள் நடைமுறைப் பிழையால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை, அதைப் பற்றி அவர் பேச விரும்புவதில்லை.

காபி போட்டுக் கொடுத்தார். அடுப்படி மேடையில் துண்டு இருந்தது, அதே மாதிரி விரித்து. பாட்டிலைத் திறந்துதான் கெட்டிலில் ஊற்றினார். குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறதாம், பரிசோதித்த தாளை எடுத்துக் காட்டினார். நீங்கள் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். செடிக்கு ஊற்றுகிறேன் என்றார்.